ரயில் சிமுலேட்டரில் சத்தத்தைச் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயில் சிமுலேட்டர் ஓட்டத் தொடங்குபவர்கள் முதலில் படத்தைச் சரிசெய்வார்கள். திரையின் அளவு, நிழல், மரங்களின் அடர்த்தி என்று ஒரு மாலைப்பொழுதே அதில் போய்விடும். ஒலி அமைப்புகளை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பத்து நாள் ஓட்டிய பிறகுதான் தலைவலி எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பார்கள். அப்போது கேட்கும் கேள்விகள்தான் கீழே இருக்கின்றன.

நான் அதிகம் பேசப்போவது ஓபன் ரெயில்ஸைப் பற்றி. அது ஓர் இலவச ரயில் சிமுலேட்டர். 2001இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெய்ன் சிமுலேட்டருக்காகச் செய்யப்பட்ட பாதைகளையும் ரயில்களையும் அப்படியே படிக்கும். ஒலிக்கான கோப்புகள் பூட்டப்படாமல் திறந்து கிடப்பதால் நாமே கை வைக்கலாம். ஓபன்பிவிஇ, ட்ரெய்ன்ஸ் என்ற மற்ற இரண்டு சிமுலேட்டர்களுக்கும் தனிக் கேள்வி உண்டு. வேறு சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு மெனுவின் பெயரும் கோப்பும் மாறும், அடிப்படைக் கதை ஒன்றுதான்.

ஒலியளவை எங்கே மாற்றுவது? ஒரே இடமா, பல இடமா?

பல இடம். குழப்பமே அதில்தான். ஒலியைப் பதிவு செய்து வைத்திருக்கும் வேவ் கோப்புக்கு என்று ஓர் அளவு இருக்கும். அதை இயக்கும் கட்டளைக் கோப்பில் இன்னோர் அளவு. அப்புறம் விளையாட்டின் ஸ்லைடர், விண்டோஸின் வால்யூம் மிக்ஸர், கடைசியாக ஸ்பீக்கர் குமிழ். இவை ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. மூன்று இடத்தில் பாதி பாதியாக வைத்தால் உங்கள் காதுக்கு வருவது எட்டில் ஒரு பங்கு அலைவீச்சுதான் (ஒலி அலையின் உயரம்). நான்கு இடத்தில் முழுதாக வைத்துவிட்டு ஐந்தாவது இடத்தில் குறைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அது அவ்வளவு தப்பில்லை. எங்கே குறைத்தோம் என்பதை மறந்துவிடுவதுதான் தப்பு.

நான் செய்வது: விண்டோஸிலும் ஸ்பீக்கரிலும் தினமும் பாட்டு கேட்கிற அளவை வைத்துவிட்டு அந்த இரண்டையும் மறந்துவிடுவேன். மீதி எல்லாச் சரிசெய்தலும் விளையாட்டுக்குள்ளேயே.

ஓபன் ரெயில்ஸில் ஒலி அமைப்பு எங்கே இருக்கிறது?

தொடக்கத் திரையில் ‘ஆப்ஷன்ஸ்’ பொத்தானை அழுத்தி, ‘ஆடியோ’ பக்கத்துக்குப் போங்கள். அங்கே முக்கியமானவை மூன்று. ஒன்று, மொத்த ஒலியின் சதவீதம். இரண்டாவது, வெளிச்சத்தம் உள்ளே எத்தனை சதவீதம் கேட்க வேண்டும் என்பது. மூன்றாவது, ஒலி விவர நிலை.

மொத்த ஒலி 40 என்றுதான் வரும். பார்த்தவுடன் பலரும் அதை 100க்கு இழுத்துவிடுகிறார்கள். வேண்டாம். ஒரு நிலையத்தில் நான்கு என்ஜின்கள், ஏர் கம்ப்ரஸர், மழை, பக்கத்துப் பாதையில் கடந்து போகும் ரயில் எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது அவற்றின் கூட்டுத்தொகைக்கு மேலே இடம் வேண்டும். 40இல் அந்த இடம் இருக்கிறது. சத்தம் போதவில்லை என்றால் ஸ்பீக்கரைக் கூட்டுங்கள்.

ஒலி விவர நிலையை 5இல் விடுங்கள். அதைக் குறைத்தால் சத்தம் குறையாது, சில ஒலிகள் அடியோடு வராமல் போகும். மிகப் பழைய கணினிக்கு மட்டுமே அது தேவைப்படும். ‘சத்தம் அதிகம்’ என்று இதைக் குறைத்துவிட்டு, ‘பிரேக் காற்றுச் சத்தம் காணோம்’ என்று அடுத்த வாரம் கேட்பவர்கள் நிறையப் பேர்.

ஸ்லைடரைப் பாதியாகக் குறைத்தும் சத்தம் பாதியாகவே இல்லையே, ஏன்?

காது அப்படித்தான் வேலை செய்கிறது. அலைவீச்சைப் பாதியாக்கினால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் ‘பாதியாகிவிட்டது’ என்று காது ஒப்புக்கொள்ள ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். அதற்கு 1 என்ற எண்ணை 0.5 ஆக்கினால் போதாது, 0.3க்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

கோப்புகளில் எண்ணை மாற்றும்போது இந்தக் கணக்கு ரொம்ப உதவும். 0.7 என்றால் 3 டெசிபல் குறைவு. கவனித்துக் கேட்டால்தான் தெரியும். 0.5 என்றால் தெளிவாகத் தெரியும். 0.25 என்றால் 12 டெசிபல், 0.1 என்றால் 20 டெசிபல். 0.9, 0.85 என்று நூல் பிடித்துக்கொண்டிருப்பது நேர விரயம்.

இன்னொன்று: ஸ்லைடர்கள் எல்லாம் ஒரே கணக்கில் ஓடுவதில்லை. சில விளையாட்டுகளில் அது நேர்கோடு, சிலவற்றில் காதுக்கு ஏற்ற வளைவு. அதனால் ஒரு விளையாட்டின் 50ஐ இன்னொன்றின் 50ஓடு ஒப்பிடாதீர்கள்.

கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும்போது வெளிச்சத்தம் இரைச்சலாக இருக்கிறது. அதை மட்டும் குறைக்கலாமா?

தாராளமாக. மேலே சொன்ன இரண்டாவது அமைப்பு இதற்கேதான். அது 50இல் இருக்கும். கேபினில் அல்லது பயணிகள் பெட்டியில் இருக்கும்போது வெளியே உள்ளவை தம் இயல்பான அளவில் எத்தனை பங்கு உள்ளே கேட்க வேண்டும் என்பதை அது முடிவுசெய்கிறது. ஜன்னல் சாத்திய நவீன மின்சார என்ஜின் என்றால் 20, 30 போதும். திறந்த கேபின் கொண்ட நீராவி என்ஜினுக்கு 80 வைத்தாலும் தகும். ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டியதில்லை. ரயில் வாகனத்தின் கோப்பிலேயே அதற்கென்று தனி சதவீதம் எழுத வசதி இருக்கிறது, பொது அமைப்பை அது மீறிக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், இந்த ஒரு எண்ணைச் சரியாக வைத்தாலே பாதிப் புகார்கள் அடங்கிவிடும். முழுச் சத்தத்தையும் குறைத்துக்கொண்டு, உள்ளே கேட்க வேண்டிய சுவிட்ச் சத்தமும் கேட்காமல் தவிப்பவர்கள் முதலில் இதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஹாரன் மட்டும் காதைப் பிளக்கிறது. அதை மட்டும் குறைப்பது எப்படி?

ஹாரன் உண்மையிலேயே பெரும் சத்தம்தான். அமெரிக்க விதிப்படி ரயில் என்ஜினின் ஹாரன், என்ஜினுக்கு முன்னால் 100 அடி தூரத்தில் குறைந்தது 96, அதிகபட்சம் 110 டெசிபல் இருக்க வேண்டும். ஆனால் அது வெளியே நிற்பவருக்கான அளவு. கேபினுக்குள் அதே கூர்மையோடு கேட்டால், ரயிலைச் செய்தவர் வெளியே பதிவுசெய்ததை அப்படியே உள்ளேயும் வைத்துவிட்டார் என்று அர்த்தம்.

இதைச் சரிசெய்ய எஸ்எம்எஸ் கோப்பைத் திறக்க வேண்டும். கைபேசிக் குறுஞ்செய்திக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலிக் கட்டளைகள் இருக்கும் உரைக்கோப்பின் பெயர்நீட்சி அது. ரயிலின் கோப்புறைக்குள் ‘சவுண்ட்’ என்ற கோப்புறையில் இருக்கும். பொதுவாக ஒரு என்ஜினுக்கு இரண்டு. ஒன்று கேபினுக்கு, இன்னொன்று வெளிக்கு. எந்தக் கோப்பு எதற்கு என்று சந்தேகம் வந்தால் என்ஜினின் விவரக் கோப்பைத் திறந்து பாருங்கள். வேகன் பகுதியில் குறிப்பிட்டிருப்பது வெளி ஒலி, என்ஜின் பகுதியில் இருப்பது கேபின் ஒலி.

முதலில் நகல் எடுங்கள். இதை இன்னொரு தடவையும் சொல்வேன்.

திறந்தால் அடைப்புக்குறிகளின் காடாகத் தெரியும். பயப்பட வேண்டாம். மேலே ‘ஆக்டிவேஷன்’ என்று ஒரு பகுதி. எந்தக் கேமராவில், எத்தனை மீட்டர் தூரத்துக்குள் இந்த ஒலிகள் உயிர்பெற வேண்டும் என்பது அங்கே இருக்கும். அதன்கீழே ‘வால்யூம்’, அடைப்புக்குறிக்குள் ஓர் எண், பெரும்பாலும் 1.0. அதற்கும் கீழே ‘ஸ்ட்ரீம்’ ‘ஸ்ட்ரீம்’ என்று வரிசையாகப் பல பகுதிகள். ஒவ்வொரு ஸ்ட்ரீமும் ஒரு தனிக் குழாய் மாதிரி. ஒன்றில் என்ஜின் உறுமல், ஒன்றில் மணி, ஒன்றில் ஹாரன்.

மேலே உள்ள வால்யூமைக் குறைத்தால் அந்தக் கோப்பில் உள்ள அத்தனையும் குறையும். நமக்கு வேண்டியது ஹாரன் மட்டும். ஹாரனைக் கண்டுபிடிக்க ‘டிஸ்க்ரீட் ட்ரிகர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 8 என்ற எண் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். 8 என்றால் ஹாரன் பொத்தான் அழுத்தப்பட்டது, 9 என்றால் விடப்பட்டது. இரண்டும் ஒரே ஸ்ட்ரீமுக்குள் இருக்கும். அந்த ஸ்ட்ரீமுக்குள் வால்யூம் வரி இருந்தால் எண்ணை மாற்றுங்கள். இல்லாவிட்டால், ‘ப்ரயாரிட்டி’ என்ற முன்னுரிமை வரிக்கு அடுத்து ஒரு வால்யூம் வரியை நீங்களே எழுதலாம். கேபின் ஹாரனுக்கு 0.35 என்று தொடங்குங்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். வெளிக் கோப்பில் உள்ள ஹாரனை நான் தொடுவதில்லை. ரயில் கடந்து போவதை வெளியே நின்று பார்க்கும்போது அது அதிர வேண்டும், அதுதான் அழகு.

சத்தம் குறைவாக இருக்கும் ஒலிக்கு 1க்குப் பதிலாக 3 என்று எழுதலாமா?

எழுதலாம், பெரும்பாலும் பயன் இருக்காது. ஓபன் ரெயில்ஸ் ஒலிக்குப் பயன்படுத்தும் ஓபன்ஏஎல் ஒவ்வொரு ஒலிமூலத்துக்கும் ஓர் உச்சவரம்பு வைக்கிறது; வழக்கமாக அது 1. அதற்கு மேல் போனால் வெட்டிவிடும். மெலிந்த ஒலியைத் தூக்க முடியாதபோது மற்றவற்றை இறக்குங்கள். கேட்க இரண்டும் ஒன்றுதான். எல்லாவற்றையும் 0.6க்குக் கொண்டுவந்துவிட்டு மெலிந்ததை 1இல் விட்டால் அது தானாக மேலே வரும். சத்தத்தைக் கூட்டுவதைவிடக் குறைப்பது எப்போதும் பாதுகாப்பு, ஒலி கிழியாது.

கோப்பைத் திருத்திச் சேமித்தேன். இப்போது அந்த ரயிலுக்குச் சத்தமே வரவில்லை. என்ன செய்தேன்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. காரணங்கள் வழக்கமாக மூன்று.

முதலாவது, எழுத்துக் குறியாக்கம். பழைய மைக்ரோசாஃப்ட் விளையாட்டின் கோப்புகள் யுடிஎஃப்-16 முறையில் சேமிக்கப்பட்டவை. நோட்பேடில் ‘சேவ் ஆஸ்’ கொடுக்கும்போது கீழே குறியாக்கத்தைத் தேர்வு செய்யும் இடம் இருக்கும். அங்கே யுடிஎஃப்-16 எல்இ என்று இருக்கிறதா பாருங்கள். பழைய நோட்பேடில் அதன் பெயர் வெறும் ‘யுனிகோடு’. வேறு முறையில் சேமித்த கோப்பை ஓபன் ரெயில்ஸ் சகித்துக்கொண்டாலும் பழைய விளையாட்டு சகிக்காது.

இரண்டாவது, அடைப்புக்குறி. திறந்த ஒவ்வொன்றும் மூடப்பட வேண்டும், அவற்றுக்கு முன்னும் பின்னும் ஓர் இடைவெளி விடுவது நல்ல பழக்கம். மூன்றாவது, எண்ணிக்கை. ‘ஸ்ட்ரீம்ஸ்’, ‘ட்ரிகர்ஸ்’, ‘கர்வ்பாயிண்ட்ஸ்’ ஆகிய சொற்களுக்கு அடுத்து, உள்ளே எத்தனை இருக்கின்றன என்று ஓர் எண் வரும். உள்ளே ஒன்றைச் சேர்த்தால் அந்த எண்ணையும் ஒன்று கூட்ட வேண்டும்.

கண்ணால் தேடிக் களைத்துவிட்டால் இரண்டு உதவிகள் உண்டு. டெஸ்க்டாப்பில் ஓபன் ரெயில்ஸ் எழுதிவைக்கும் லாக் கோப்பு; எந்தக் கோப்பில் எந்த வரியில் தடுக்கியது என்று பெரும்பாலும் அதில் இருக்கும். விளையாட்டு ஓடும்போதே ஆல்ட்டையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் ஒலிச் சோதனைச் சாளரம் திறக்கும். இப்போது உயிரோடு இருக்கும் ஒலிக்கோப்புகள் எவை, தூங்குபவை எவை என்று இடப்பக்கம் பட்டியல் போட்டுக் காட்டும். உங்கள் கோப்பு பட்டியலிலேயே இல்லையென்றால் அது படிக்கப்படவே இல்லை.

நான் ஒரு முறை நகல் எடுக்காமல் நீராவி என்ஜின் ஒன்றின் கோப்பில் இரவு முழுக்க வேலை பார்த்து, காலையில் ஒரு மூடு அடைப்புக்குறியைத் தொலைத்துவிட்டேன். மொத்த ரயிலையும் மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. நகல் எடுங்கள்.

வேவ் கோப்பையே ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் திறந்து சத்தத்தைக் குறைத்துவிட்டால் என்ன? இவ்வளவு அடைப்புக்குறி எதற்கு?

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பல வேவ் கோப்புகளுக்குள் ஒலியைத் தவிர வேறொன்றும் இருக்கும்: ‘கியூ’ புள்ளிகள். ஹாரனையே எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தும்போது ஒரு தொடக்கம், பிடித்திருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும் நடுப்பகுதி, விட்டவுடன் தேய்ந்து மறையும் முடிவு. நடுப்பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்வது அந்தப் புள்ளிகள்தான். ஆடாசிட்டியில் திறந்து மறுபடி வேவாக ஏற்றுமதி செய்யும்போது அவை தொலைந்துவிடும். அப்புறம் ஹாரன் தொடக்கத்திலிருந்தே விக்கி விக்கி அடிக்கும். ‘சத்தத்தைக் குறைத்தேன், ஹாரன் திக்குகிறது’ என்று யாராவது சொன்னால் நான் வேறெதையும் கேட்பதில்லை.

இன்னொரு சிக்கல், ஒரே வேவ் கோப்பைப் பல ரயில்கள் பகிர்ந்துகொள்வது உண்டு. விளையாட்டின் பொதுவான சவுண்ட் கோப்புறையில் உள்ளதை மாற்றினால், நீங்கள் நினைத்தே பார்க்காத ஒரு சரக்கு என்ஜினும் ஊமையாகிவிடும்.

வேவைத் தொட்டே ஆக வேண்டிய நேரமும் உண்டு. பதிவே கிழிந்திருந்தால், அல்லது எல்லாம் 1இல் இருந்தும் காதில் விழாத அளவு மெலிந்திருந்தால். அப்போது புள்ளிகளைப் பாதுகாக்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். வேவோசார் போன்றவற்றில் சுழற்சிப் புள்ளிகளைப் பார்க்கவும் வைக்கவும் முடியும். ஒலி மோனோவாக, அதாவது ஒரே தடத்தில், இருந்தால் மோனோவாகவே சேமியுங்கள். தூரம், திசை பார்த்து ஒலி மாற வேண்டும் என்றால் மோனோ வேண்டும். இடம், வலம் என்று இரண்டு தடம் உள்ள ஸ்டீரியோ கோப்புக்குத் தூரக் கணக்கை ஓபன்ஏஎல் போடாது.

தண்டவாள இணைப்பின் ‘தடக் தடக்’ மற்ற எல்லாவற்றையும் அமுக்குகிறது. ரயிலின் கோப்பில் தேடினேன், கிடைக்கவில்லை.

அது ரயிலில் இல்லை, பாதையில் இருக்கிறது. பாதையின் கோப்புறையில் ‘டிடைப்’ என்று ஒரு சிறிய கோப்பு உண்டு. ஒவ்வொரு வகைத் தண்டவாளத்துக்கும் இரண்டு ஒலிக்கோப்புகளை அது குறிப்பிடும், ஒன்று உள்ளே கேட்க, ஒன்று வெளியே கேட்க. அந்த உள் கோப்பைத் திறந்து வால்யூமைக் குறைத்தால் அந்தப் பாதையில் ஓடும் எல்லா ரயிலுக்கும் குறையும்.

முழுதாக அணைத்துவிடாதீர்கள். வேகமானியைப் பார்க்காமலேயே வேகத்தை உணர்த்துவது அந்தத் தாளம்தான்.

மெதுவாகப் போகும்போது சரியாக இருக்கிறது, வேகம் கூடினால் மட்டும் அலறுகிறது. இதற்கு என்ன வழி?

‘வால்யூம்கர்வ்’ என்ற பகுதியைப் பாருங்கள். ஓர் ஒலி எதைப் பொறுத்து ஏறி இறங்க வேண்டும் என்பது அங்கே எழுதியிருக்கும். வேகமாக இருக்கலாம், தூரமாக இருக்கலாம், என்ஜினின் உழைப்பைக் காட்டும் மாறிகளாகவும் இருக்கலாம். பிறகு இரண்டிரண்டு எண்களாகப் புள்ளிகள்: முதலில் வேகம், அடுத்து ஒலியளவு.

இங்கே எல்லாரும் விழும் ஒரு பள்ளம் உண்டு. வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் இல்லை, நொடிக்கு மீட்டரில். 20 என்றால் மணிக்கு 72 கிலோமீட்டர். 100 கிலோமீட்டர் என்று நினைத்து 100 எழுதினால் நீங்கள் மணிக்கு 360 கிலோமீட்டருக்கு ஒலியை அமைத்திருக்கிறீர்கள்.

உதாரணத்துக்கு, மூன்று புள்ளிகள் இப்படி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: 0இல் 0, 5இல் 0.5, 20இல் 1. கடைசி 1ஐ 0.6 ஆக்கினால் மெதுவான ஓட்டத்தில் எதுவும் மாறாது. நொடிக்கு 5 மீட்டரை, அதாவது மணிக்கு 18 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு வளைவு தட்டையாகப் போகும், அலறல் அடங்கும். புள்ளிகளுக்கு இடையே விளையாட்டே சீராக நிரப்பிக்கொள்ளும்.

ஓர் ஒலி எல்லைக்கோட்டில் நின்றால் வருவதும் போவதுமாக விட்டுவிட்டுக் கேட்கிறது.

எஸ்எம்எஸ் கோப்பில் ஒலி உயிர்பெறும் ஆக்டிவேஷன் தூரமும் அது அணையும் டீஆக்டிவேஷன் தூரமும் ஒன்றாக இருக்கும். இரண்டாவதைக் கொஞ்சம் கூட்டுங்கள். 1000க்கு 1050 போதும்.

ஓபன்பிவிஇயில் மோட்டார் சத்தத்தை மட்டும் குறைக்க முடியுமா?

முடியும், முறை முற்றிலும் வேறு. அங்கே ரயிலின் தரவுக்கோப்பில் ‘மோட்டார்’ என்று தொடங்கும் நான்கு அட்டவணைகள் உண்டு. இரண்டு இழுவைக்கு, இரண்டு பிரேக்குக்கு. ஒவ்வொரு வரியும் மணிக்கு 0.2 கிலோமீட்டர் வேகத்துக்கானது. ஒரு வரியில் மூன்று எண்கள்: எந்த ஒலி, சுருதி, ஒலியளவு. சுருதியில் 100 இயல்பு, ஒலியளவில் 128 இயல்பு. 128ஐ 64 ஆக்கினால் பாதி. ஆனால் 100 கிலோமீட்டர் வரை போக 500 வரிகள், அதுவும் நான்கு அட்டவணைகளில். கையால் மாற்ற உட்கார்ந்தால் விடிந்துவிடும். அதோடு வரும் ட்ரெய்ன் எடிட்டரில் அதே அட்டவணை வரைபடமாகத் தெரியும். ஒலியளவுக் கோட்டைச் சுட்டியால் இழுத்து இறக்கினால் வேலை முடிந்தது.

ஹாரன், கதவு, கம்ப்ரஸர் போன்றவை அங்கே ‘சவுண்ட்’ என்ற பெயரில் உள்ள சிறிய அமைப்புக் கோப்பில் பட்டியலாக இருக்கும், எந்த வேவ் எதற்கு என்பது மட்டும். அதனால் அவற்றை மெலிதாக்க வேவைத்தான் திருத்த வேண்டியிருக்கும்.

ட்ரெய்ன்ஸில்?

பொருளின் கான்ஃபிக் கோப்பில் ‘சவுண்ட்ஸ்கிரிப்ட்’ பகுதி இருந்தால் அதற்குள் வால்யூம், தூரம் என்று வரிகள் இருக்கும். தூரத்தில் இரண்டு எண்கள். முதல் எண்ணின் தூரத்தில் ஒலி தேயத் தொடங்குகிறது, இரண்டாவதில் மறைகிறது. நிலையத்து இரைச்சலும் தொழிற்சாலைச் சத்தமும் தொந்தரவாக இருந்தால் வால்யூமைவிட இரண்டாவது எண்ணைக் குறைப்பது நன்றாக வேலை செய்யும். பக்கத்தில் போனால் கேட்கும், தாண்டினால் விட்டுவிடும். கன்டென்ட் மேனேஜரில் திருத்தத்துக்குத் திறந்து, முடித்ததும் ஒப்படைக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் மூலத்துக்குத் திரும்பவும் அங்கேயே வழி உண்டு.

நண்பர்களோடு பேசிக்கொண்டே ஓட்டுகிறோம். யாராவது அழைப்பில் சேர்ந்தவுடன் ரயில் சத்தம் பாதாளத்துக்குப் போகிறது.

விளையாட்டின் குற்றமில்லை. விண்டோஸின் பழைய ஒலிப் பலகத்தில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்று ஒரு பக்கம் உண்டு. அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி அங்கே தேர்வாகியிருக்கும். ‘எதுவும் செய்யாதே’ என்பதற்கு மாற்றுங்கள்.

புளூடூத் ஹெட்ஃபோன் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் மைக் இயங்கத் தொடங்கியதும் சாதனம் பேச்சுக்கான முறைக்கு மாறி, ஒலி தகரக் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். அதற்கு எந்த ஸ்லைடரும் உதவாது. தனி மைக் ஒன்று வைத்துக்கொள்வதுதான் வழி.

அறிவிப்புகள் மட்டும் காதில் விழவில்லை. மற்றதெல்லாம் நன்றாகக் கேட்கிறது.

விண்டோஸில் ஸ்பீக்கர் அமைப்பு 5.1 (நடு ஸ்பீக்கரையும் சேர்த்து ஆறு ஸ்பீக்கர்) என்று இருக்கிறதா பாருங்கள். கையில் இருப்பது இரண்டு ஸ்பீக்கர் மட்டுமே என்றால், நடு ஸ்பீக்கருக்கு அனுப்பப்படும் குரல் போய்ச் சேர இடமில்லாமல் காணாமல் போகும். ஸ்டீரியோ என்று மாற்றினால் திரும்பிவரும்.

சத்தம் அதிகமில்லை, ஆனால் கரகரக்கிறது.

அநேகமாக ஒலிகளின் கூட்டுத்தொகை உச்சத்தைத் தொட்டு வெட்டுப்படுகிறது. விளையாட்டு ஸ்லைடரைக் குறைத்து ஸ்பீக்கரைக் கூட்டுங்கள். கரகரப்பு மறைந்தால் காரணம் அதுதான். மறையவில்லையென்றால் ஒரேயொரு ரயிலோடு வெற்றுப் பாதையில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் கரகரத்தால் பதிவே கெட்டது.

இரவில் மற்றவர்கள் தூங்கும்போது ஓட்ட வேண்டும். மெல்லிய ஒலியும் கேட்க வேண்டும், ஹாரனும் அலறக்கூடாது.

விண்டோஸில் உங்கள் ஒலிச்சாதனத்தின் பண்புகளில் ‘லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்’ இருந்தால் அதைப் போடுங்கள். உரத்ததை அமுக்கி மெலிந்ததைத் தூக்கும். எல்லாச் சாதனத்திலும் அது இருக்காது. பகலில் மறக்காமல் எடுத்துவிடுங்கள். தொலைவில் வரும் ரயிலும் பக்கத்தில் நிற்கும் ரயிலும் ஒரே சத்தமாகக் கேட்டால் சிமுலேட்டர் எதற்கு?

ஹெட்ஃபோனில் மணிக்கணக்கில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்ற அளவைப் பாதுகாப்பான எல்லையாக வைத்திருக்கிறது. ஒலி 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். காது அடைத்த மாதிரி இருந்தால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குறைக்கவே கூடாத ஒலி என்று ஏதாவது உண்டா?

உண்டு. ஓட்டுவதற்குத் தேவையானவை: பிரேக் குழாயில் காற்று வெளியேறும் சீறல், சக்கரம் வழுக்கும்போது மாறும் உறுமல், ஓட்டுநர் விழித்திருக்கிறாரா என்று சோதிக்கும் விழிப்பு எச்சரிக்கையின் பீப், சிக்னல் மணி. பிரேக்கை இழுத்துவிட்டுக் காற்றுச் சீறல் எப்போது நிற்கிறது என்று கேட்டே எவ்வளவு பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடலாம், மானியைப் பார்க்க வேண்டாம். மழையில் ஏற்றத்தில் நீண்ட சரக்கு ரயிலை இழுக்கும்போது சக்கரம் வழுக்கப்போவதை முள்ளுக்கு முன்னால் காது கண்டுபிடிக்கும். இவற்றை மறைக்கும் எதுவும் குறையலாம். இவை குறையக்கூடாது.

எரிச்சலூட்டுகிறது என்று விழிப்பு எச்சரிக்கையை 0.1க்கு இறக்கிவிட்டு, அவசர பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது என்று விளையாட்டைத் திட்டுபவர்களும் இருக்கிறார்கள். அது எரிச்சலூட்டத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

திருத்திய கோப்பை மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா?

ரயிலைச் செய்தவரின் அனுமதிக் குறிப்பைப் படியுங்கள். வேவ் கோப்புகள் அவருடைய பதிவுகள். பிரச்சினை வேண்டாம் என்றால் எந்த வரியில் எந்த எண்ணை மாற்றினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

புதுப்பித்த பிறகு என் மாற்றங்கள் எல்லாம் போய்விட்டன.

போகும். ரயிலை மறுபடி நிறுவினாலும், ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையின் செயலியில் கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னாலும் மூலக்கோப்பு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். திருத்தியவற்றை வேறொரு கோப்புறையில் ஒரு பிரதி வைத்திருங்கள்.

ஒரு புது ரயிலை இறக்கியதும் எந்த வரிசையில் சரிசெய்கிறீர்கள்?

கோப்பு எதையும் திறக்காமல் அரை மணி நேரம் ஓட்டுவேன். நின்றபடி ஐந்து நிமிடம், பிறகு மெதுவாக, பிறகு முழு வேகம், ஒரு பாலம், ஒரு குகை, ஒரு நிறுத்தம். பக்கத்தில் ஒரு தாளில், எந்தச் சத்தம் எதை மறைத்தது என்று மட்டும் எழுதுவேன். ‘ஹாரன் அதிகம்’ என்று எழுதமாட்டேன். ‘கம்ப்ரஸர் ஓடும்போது பிரேக் சீறல் கேட்கவில்லை’ என்று எழுதுவேன். அப்படி எழுதினால் எந்த ஸ்ட்ரீமைத் தொட வேண்டும் என்று தானே தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு தடவைக்கு ஓர் எண். கம்ப்ரஸரை 0.5 ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டுவேன், அதே நிறுத்தம், அதே பிரேக். பெரும்பாலும் மூன்று நான்கு எண்களிலேயே முடிந்துவிடும். ஏழு எட்டுக்கு மேல் போனால் அந்த ரயிலின் ஒலியை விட்டுவிட்டு, அதே வகை என்ஜினின் வேறொரு ஒலித்தொகுப்பைத் தேடிப் போட்டுவிடுவேன்.